போனவர் ஏன் போனார்?

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. போன மாதம் அங்கே ஒரு தம்பி எனக்காகக் காத்திருந்தார். அம்பத்தூரில் பத்து வருஷம் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறார். கைப்பேசியில் ஒரு ஷெட்டின் படங்களைக் காட்டினார். ஐயாயிரம் சதுர அடி. மேலே ஆறேழு பேர் உட்கார்ந்து வேலை செய்ய அலுவலக அறை. முன்னால் வண்டி நிறுத்த இடம். புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

“சதுர அடிக்கு ரெண்டு ரூபா கொறைச்சுப் பேசிப் பார்க்கலாமா அண்ணே?” என்றார்.

“அதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தாங்க தம்பி?”

“அதெல்லாம் கேக்கலண்ணே. காலியாத்தான் இருந்துச்சு.”

இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் சிறுதொழில் செய்பவர்களுக்கு இடம் பார்த்துச் சொல்லி வருகிறேன். மேற்கே திருவள்ளூர், காக்களூர், திருமழிசை. வடக்கே சோழவரம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இங்கே முன்னால் இருந்தவர் ஏன் போனார்? தொழில் பெருத்துப் பெரிய இடத்துக்குப் போயிருந்தால் சந்தோஷம். வேறு காரணமாக இருந்தால் அந்தக் காரணம் இன்னும் அந்தக் கட்டடத்திலேயேதான் இருக்கும். வெள்ளை அடித்தால் அது போய்விடாது.

இந்தக் கேள்வியை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2003இல் திருவள்ளூரை அடுத்த ஒரு கிராமத்துச் சாலையில் ஒரு ஷெட் எடுத்து நாலு பவர் பிரஸ் போட்டேன். வாடகை குறைவு, உரிமையாளர் நல்ல மனிதர், அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. மெஷின்களை இறக்கி, அஸ்திவாரம் போட்டு, கூடுதல் மின்சாரத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தெருவுக்கு உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் இனி ஒரு கிலோவாட்டுக்கும் இடமில்லை என்று. ஒன்பது மாதம் டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினேன். ஓட்டிய ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார். அந்த ஷெட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் அவர்தான். “கரன்ட் வராதுன்னுதான் தம்பி நான் காலி பண்ணேன். நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். அவரைத் தேடிப் போய்க் கேட்க எனக்கு அரை நாள் போதுமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் நான் முதலில் நிற்பது மீட்டர் பெட்டிக்கு எதிரே. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட், எந்தக் கட்டண வகை, நிலுவை ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்பேன். கடைசி பன்னிரண்டு மாத பில்களை வாங்கிப் பார்ப்பேன். ஒரு தொழில் எப்படி நடந்தது, எந்த மாதத்தில் இளைத்தது, எப்போது நின்றது என்பதை அந்தப் பில்கள் சொல்லிவிடும். முன்னவர் கட்டாமல் விட்ட பாக்கியும் லேசான விஷயம் அல்ல. ஓர் இடத்தின் பழைய மின் பாக்கியை, விதிகள் அனுமதித்தால், அந்த இடத்தை வாங்கிப் புதிதாக இணைப்புக் கேட்பவரிடம் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஒரு கேரள வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் ‘பாக்கி இல்லை’ என்று வாயால் சொல்வதை ஏற்காமல், கடைசி ரசீதைக் கையில் வாங்கிக்கொள்வேன்.

லோடு கணக்கை மெஷின் பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட லோடு வரைதான் தாழ்வழுத்த இணைப்பு. அதைத் தாண்டினால் உயரழுத்தம்: சொந்த டிரான்ஸ்ஃபார்மர், அதற்கொரு இடம், அதற்கொரு செலவு. உயரழுத்தத்தில் நீங்கள் மின்சாரம் குறைவாக எடுத்த மாதத்திலும், ஒப்பந்தம் செய்த டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது கட்டணம் வந்துவிடும். முன்னவர் பெரிய உலை வைத்திருந்து பெரிய டிமாண்ட் வாங்கியிருக்கிறார், நீங்கள் சிறிய தொழில் செய்யப் போகிறீர்கள் என்றால், பயன்படுத்தாத மின்சாரத்துக்கு மாதாமாதம் பணம் போகும். அதை முதலிலேயே குறைத்து எழுதிக்கொடுக்கச் சொல்ல வேண்டும்.

அலுவலகம் மட்டும் எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். பட்டறைக்கென்று வாங்கிய தொழிற்சாலை இணைப்பில் வெறும் அலுவலகம் நடத்தினால் அது வகை மாறிய பயன்பாடு. மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவு அதற்கு இரு மடங்கு கட்டணம் போட்டு வசூலிக்க வழி செய்கிறது. கணினி நாலு, ஏ.சி. ரெண்டு, இதில் என்ன என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

மீட்டர் பெட்டியை விட்டால் அடுத்தது சாலை. ஷெட் நல்ல இடத்தில் இருக்கும், அதற்குப் போகும் வழிதான் கெடுக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பக்கத்தில் இருப்பதைச் சொல்லித்தான் இங்கே இடத்துக்கு விலை சொல்கிறார்கள். துறைமுகத்திலிருந்து உங்கள் வாசல் வரைக்கும் நாற்பதடி கன்டெய்னர் வருமா என்பதை யாரும் சொல்வதில்லை. கன்டெய்னர் பெட்டியே பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இழுக்கும் வண்டியோடு சேர்ந்தால் இன்னும் நீளம். உயரமான பெட்டியாக இருந்தால் தரையிலிருந்து நாலரை மீட்டரை நெருங்கும். கிராமத்துச் சாலையில் குறுக்கே தாழ்ந்து தொங்கும் ஒரு கம்பி, திருப்பத்தில் ஒரு கோயில் மதில், கால்வாய் மேல் ஒரு பழைய சிறுபாலம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும், உங்கள் சரக்கை நெடுஞ்சாலையிலேயே இறக்கிச் சின்ன வண்டியில் மாற்ற வேண்டி வரும். மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கூலி. அதோடு, சென்னைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே நல்லூர் சுங்கச்சாவடி இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று போட்டு, அதையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நாளும் கிழமையும் பார்த்துப் போகச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்துவிட்டு ‘ரோடு ஃப்ரீயா இருக்கு’ என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். சொந்த வீடு அமைய வேண்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், அந்தப் பக்கத்துச் சாலையில் செவ்வாய் காலை சரக்கு வண்டி எப்படி நகரும் என்று. ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் கோயில் பாதை. அமாவாசை நாளில் வீரராகவர் கோயிலைச் சுற்றித் திருவள்ளூர். கோயிலும் திருவிழாவும் இந்த ஊரின் உயிர். அவற்றைத் தெரிந்துகொண்டு டெலிவரி நாளை வைத்துக்கொள்வது நம் வேலை.

சாலையில் சரக்கு வருகிறது என்றால் ரயிலில் ஆள் வருகிறார்கள். சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக வரும் மின்சார ரயில்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை நடத்துகிறது என்று சொன்னால் மிகையில்லை. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரிலிருந்து தர்பங்கா போன விரைவு ரயில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பாதை அடைபட்டது. அந்த நாட்களில் எத்தனை ஷிஃப்ட் ஆள் இல்லாமல் தவித்தது என்பது இங்கே பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ரயில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், நிலையத்திலிருந்து ஷெட்டுக்கு எப்படி வருவார்கள் என்று பார்க்க வேண்டும். பஸ் உண்டா, ஷேர் ஆட்டோ உண்டா, இரவு பத்து மணி ஷிஃப்ட் முடிந்தால் எது உண்டு? பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்றால் தெருவிளக்கு எரிகிறதா, கழிப்பறை ஷெட்டுக்குள் இருக்கிறதா, வெளியே மறைவில் இருக்கிறதா? ஒருமுறை நல்ல ஷெட் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரிலும் ஒரு விளக்குக்கூட இல்லை.

நீரைப் பற்றிச் சொல்லாமல் திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் இங்கேதான் இருக்கின்றன. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் இங்கேதான் ஓடுகின்றன. இரண்டுக்கும் ஆந்திரப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரும். அங்குள்ள பிச்சாட்டூர் அணை திறந்தால் பொன்னேரிப் பக்கம் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த மூன்று மழையிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்காமல் நான் எந்த இடத்தையும் எடுக்கச் சொல்வதில்லை. உரிமையாளரிடம் கேட்டால் ‘நம்ம இடத்துல நிக்கல’ என்பார். பெரும்பாலும் உண்மையாகவே சொல்வார், அவர் அன்றைக்கு அங்கே இருந்திருக்க மாட்டார். நான் சுவரைப் பார்ப்பேன். எவ்வளவு வெள்ளை அடித்தாலும் தண்ணீர் நின்ற கோடு மீட்டர் பலகைக்குப் பின்னாலும், ஷட்டரின் உள்பக்கத் துருவிலும் தெரியும். பக்கத்துப் பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்பேன். அவர் தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினால் அதுதான் சாட்சி.

கோடையில் பார்த்தால் அதே நிலத்தில் வேறு பிரச்சினை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி உப்பானது பல பத்தாண்டுப் பழைய கதை. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கேதான் திறக்கப்பட்டது. போர்வெல் இருக்கிறது என்று சொன்னால், ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் பாய்லரையும் கூலிங் டவரையும் தின்றுவிடும். பெயின்ட் வேலை, பிளேட்டிங் வேலை என்றால் முதல் மாதமே தரம் கெடும்.

மேற்கூரையையும் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று பறந்த ஷீட்டுகளை நான் வயலில் பொறுக்கியிருக்கிறேன். அன்று முதல் ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி எத்தனை, துருப்பிடித்திருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்க்காமல் வருவதில்லை. ஷெட்டின் உயரத்தை நடுவில் அளக்கக்கூடாது, ஓரத்துச் சுவர் முடியும் இடத்தில் அளக்க வேண்டும். கிரேன் ஓட வேண்டும் என்றால் அந்த ஓரத்து உயரம்தான் கணக்கு. சதுர அடியையும் நீங்களே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சுவருக்கு வெளியே இருக்கிற படிக்கட்டும் சன்ஷேடும் சேர்ந்துதான் சொல்லப்படும் அளவு பெரும்பாலும் வருகிறது.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிபவை. இனி வருவது காகிதம். சிறுதொழில் செய்பவர்கள் இங்கேதான் சலித்துப்போகிறார்கள். சலிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்.

முதலில் நிலத்தின் வகை. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. அது கொடுக்கும் மனை பொதுவாக 99 ஆண்டுக் குத்தகை. ஆகவே அங்கே உங்களிடம் வாடகை பேசுபவரும் ஒரு குத்தகைதாரர்தான். சிப்காட்டின் முன் ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்காமல் உள்வாடகைக்குப் போகக்கூடாது. தனியார் நிலமாக இருந்தால் பட்டா, மூலப்பத்திரம், கட்டட அனுமதி. பஞ்சாயத்தில் வாங்கிய ஒரு தாளைக் காட்டி ‘அப்ரூவல் இருக்கு’ என்பார்கள். தொழிற்கூடத்துக்குத் திட்ட அனுமதி தர வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககமோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோதான். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. உங்கள் ஊர் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை அன்றைய தேதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லாத கட்டடத்தில் தீயணைப்புத் துறைச் சான்றும், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதலும் சிக்கலாகிவிடும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தொழிலுக்குத் தகுந்தது. தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முன்னவர் பச்சைத் தொழில் செய்தார், அவருக்கு இசைவு இருந்தது என்பதால் அதே கட்டடத்தில் உங்கள் ஆரஞ்சுத் தொழிலுக்கும் கிடைத்துவிடாது. ஏரிக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் மாசு மிகுந்த தொழிலுக்கு அனுமதியே கிடையாது. இந்த மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஏரி இருக்கும் என்பதால் இது பெரிய விஷயம். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பதைவிட, கொடுக்கும் முன் ஒரு நாள் வாரிய அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வரலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஷெட் கட்ட உரிமையாளர் வங்கியில் கடன் வாங்கியிருப்பார், அதில் தவறு எதுவும் இல்லை. அந்தக் கடனுக்கான பத்திர ஒப்படைப்பு வில்லங்கத்தில் தெரியும். தெரிந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் கேளுங்கள். கடன் நின்று, கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டத்தில் வங்கி நோட்டீஸ் விட்ட பிறகு, வங்கியின் சம்மதம் இல்லாமல் உரிமையாளர் புதிதாக வாடகைக்கு விட முடியாது. அப்படி விடப்பட்ட ஷெட்டில் ஒரு நாள் காலை வங்கியின் பூட்டுத் தொங்கும், உங்கள் மெஷின்கள் உள்ளே இருக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்ப்பதற்காக இங்கே எல்லோரும் பதினொரு மாதம் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் ஐந்து வருஷம் என்று முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது வகைக்காரர்களுக்கு நான் சொல்லும் கதை, நம் வாசலில் போகிற சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் மறுமுனையில், கொல்கத்தாவில் நடந்தது.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, உற்பத்தித் தொழிலுக்கு எடுத்த குத்தகையை ஆண்டுக் குத்தகையாகக் கருதுகிறது. வேறு பேச்சு இல்லாதபோது, காலி செய்யச் சொல்ல ஆறு மாத நோட்டீஸ் வேண்டும். மற்றப் பயன்பாட்டுக்குப் பதினைந்தே நாள். பால் ரப்பர் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் ஐந்தாண்டு என்று எழுதி, பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் இருந்தது. உரிமையாளர் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்தார். நாங்கள் உற்பத்தித் தொழில் செய்கிறோம், ஆறு மாதம் வேண்டும் என்றார்கள் இவர்கள். பதிவாகாத பத்திரத்தை வைத்து, எந்தத் தொழிலுக்காகக் குத்தகை எடுத்தோம் என்பதை நிரூபிக்க முடியாது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினைந்து நாள் நோட்டீஸ் செல்லும் என்றாயிற்று.

ஒரு பிரஸ்ஸைப் பெயர்த்து, அஸ்திவாரத்தை விட்டு, புது இடத்தில் மின்சாரமும் இசைவும் வாங்கி ஓட்டப் பதினைந்து நாள் போதுமா? பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் மனசைக் கேட்டுப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுக்குள்ளான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். பதிவுக் கட்டணம் தனி. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி யாரும் பெரிய ஆளாகவில்லை. மெஷின் போடுபவர் மூன்று, ஐந்து வருஷமாக எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அலுவலகம் மட்டும் எடுப்பவர்களுக்கு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் இந்த மூன்று மாதத்தைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். பல உரிமையாளர்கள் ஐந்துக்கோ ஆறுக்கோ இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வரியையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். தொழில் வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், நீங்கள் வழக்கமான பதிவு உள்ளவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், நிறுவனமாக இருப்பவர்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் முதல் மாதம் பிடித்துக் கொடுத்தால், வயதான உரிமையாளர் ஒருவர் ‘என் வாடகையில் கை வைத்துவிட்டான்’ என்றுதான் நினைப்பார். அங்கிருந்து உறவு கெடும்.

உறவு என்று சொன்னேன். உரிமையாளரை எதிராளியாக நினைத்து நான் இவற்றைச் சொல்லவில்லை. இங்கே ஷெட் கட்டியிருப்பவர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பத்தவர்கள். நிலத்தின் ஒரு பகுதியை விற்று, மீதியில் கடன் வாங்கிக் கட்டடம் கட்டி, அந்த வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள். அவர்களுக்கும் பயம் உண்டு. வாடகை தராமல் இழுத்தடித்தவர்களையும், ரசாயனக் கழிவைக் கிணற்றில் விட்டுப் போனவர்களையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் தூக்கம் வரும். எந்த வருஷம் எத்தனை சதவீதம் வாடகை ஏறும், மேற்கூரை ஒழுகினால் யார் செலவு, டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் அது யாருடையது, எத்தனை மாதத்துக்கு முன் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம்.

காலி செய்யும் நாளை, உள்ளே போகும் நாளிலேயே எழுத வேண்டும். நாம் பொருத்திய மெஷின், கிரேன், பேனல் ஆகியவற்றைக் கட்டடத்துக்குச் சேதமின்றி எடுத்துப்போக உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது, ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரைக்கும். அந்த ஒரு வரியை மாற்றி எழுதிய ஒப்பந்தங்களை நான் பார்த்திருக்கிறேன். சாவி வாங்கும் அன்று உரிமையாளரையும் கூட வைத்துக்கொண்டு தரை, சுவர், கூரை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால், அட்வான்ஸ் திரும்ப வரும் நாளில் சண்டை வராது.

தேநீர்க் கடையில் சந்தித்த தம்பியிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவர் பார்த்த ஷெட்டுக்கு நாங்கள் சேர்ந்து மூன்று முறை போனோம். வேலை நாள் காலை எட்டு மணிக்கு ஒரு தரம், இரவு ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு ஒரு தரம், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தரம். காவலாளியிடம் விசாரித்து, அங்கே முன்னால் இருந்தவரின் எண்ணை வாங்கினார் தம்பி. அவர் இப்போது எல்லை தாண்டி, தடாவுக்கு அப்பால் ஸ்ரீசிட்டி பக்கம் இருக்கிறார். கால் மணி நேரம் பேசினார்கள். ஆர்டர் கூடியது, இடம் போதவில்லை, அதனால் போனேன் என்றார் அவர். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: “வடக்குப் பக்கம் மழைக்காலத்துல ஊறும் தம்பி, அங்க பேனல் வைக்காதீங்க.” உரிமையாளரும் அதை மறுக்கவில்லை. வடக்குச் சுவரைச் சரிசெய்து தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தார். அதன் பிறகுதான் தம்பி வாடகை பேச உட்கார்ந்தார். சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைந்தது. மூன்று வருஷத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இடம் தேடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன், உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவரைக் கண்டுபிடித்து ஒரு முறை பேசுங்கள். நாளைக்கு நீங்கள் காலி செய்து போன பிறகு யாராவது உங்களைத் தேடி வந்து கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.